கூடையின் அடியில் கிடந்த கருவாடு

பொன்னரி என்ற கீரிக்கு ஆத்திரம் தலைக்கேறியிருந்தது. ஒரு சாளைக் கருவாட்டை வாயில் கவ்விக்கொண்டு, அலையாத்திக் காட்டோரம் கூடும் வாரச்சந்தையை நோக்கி விறுவிறுவென்று நடந்தது.

மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. அடைமழையில் வளையை விட்டு இரை தேடப் போக முடியாது. மூன்று குட்டிகளுக்கும் என்ன வழி என்று யோசித்த பொன்னரி, தான் பட்டினி கிடந்து சேர்த்த ஆறு கௌதாரி முட்டைகளைச் சென்ற வாரம் சந்தையில் கொடுத்து, ஓர் ஓலைப்பெட்டி நிறையக் கருவாடு வாங்கி வந்தது. மூன்று நாளைக்கு முன் அதைத் தின்ற கடைக்குட்டி வாந்தியெடுத்துச் சுருண்டது. இன்னும் தலையைத் தூக்கவில்லை.

கருவாடு விற்றது சுழியன் என்ற நீர்க்காகம். பொன்னரி வாயில் இருந்ததை அதன் முன்னால் போட்டு, நடந்ததைச் சொன்னது. சுழியன் முதலில் 'ஐயோ பாவம்' என்றது. பிறகு, எல்லாருக்கும் கேட்கும்படி, ஈரமான வளையில் வைத்தால் எந்தக் கருவாடும் கெடத்தான் செய்யும் என்றது. தன் சரக்கைத் தின்று இதுவரை யாருக்காவது ஏதாவது ஆனதுண்டா என்றும் கேட்டது.

சுற்றி நின்ற கூட்டத்தில் கொக்கு வேறு பக்கம் பார்த்தது. மரநாய் காலைச் சொறிந்தது. பக்கத்துக் கடை ஆமை ஒடுக்கன் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

"அப்படியானால் உன் கூடையிலிருந்து ஒன்றை எடுத்து நீயே தின்னு" என்றது பொன்னரி.

சுழியன் மேலே இருந்த ஒன்றைக் கொத்தி, சாவகாசமாக விழுங்கியது. கூட்டம் சிரித்தது.

பொன்னரிக்கு வால் மயிரெல்லாம் சிலிர்த்தது. ஒரே பாய்ச்சலில் அந்தக் கழுத்தைக் கடித்துக் குதறியிருக்கலாம். ஆனால் குதறினால் கீரிதான் கெட்டது என்று பேர் வரும். கூடைக்குள் இருப்பது யாருக்கும் தெரியாமலே போகும். பல்லைக் கடித்துக்கொண்டது.

"எனக்கு நீ அள்ளிப் போட்டது மேலேயிருந்து இல்லை. அடியிலிருந்து எடுத்துத் தின்னு."

சுழியன் வானத்தைப் பார்த்தது. மழை வருகிறது, கடை கட்ட வேண்டும் என்று கூடையைத் தூக்கப் போனது. பொன்னரி பாய்ந்து கூடையைக் கவிழ்த்தது.

மேல் இரண்டு வரிசை காய்ந்து மொறமொறவென்று உதிர்ந்தது. அதற்குக் கீழே இருந்ததெல்லாம் கொழகொழவென்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, புழு நெளிந்து நாறியது. கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கியது. அடுத்த கணம் எல்லாரும் சுழியன்மேல் விழுந்து அடித்தார்கள். இறகுகள் பிய்ந்து, அது தப்பித்தோம் பிழைத்தோம் என்று பறந்தோடியது.

ஓட்டுக்குள்ளிருந்து ஆமை மெல்லத் தலையை நீட்டியது. கெட்டுப்போன மீனை மறுபடி உப்பில் புரட்டிச் சுழியன் அடியில் அடுக்குவதைப் போன மாதமே பார்த்ததாகச் சொன்னது. சந்தைதோறும் தனக்கு இரண்டு நல்ல கருவாடு கொடுத்ததால், நமக்கு எதற்கு வம்பு என்று இருந்துவிட்டதாம். கொக்கும் மரநாயும் தங்களுக்கும் அப்போதே தெரியும் என்றன.

பொன்னரி கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தது.

"அவன் ஏமாற்றவே வந்தவன். நீங்கள் என் பக்கத்தில் நின்றவர்கள். நான் முட்டையைக் கொடுத்ததையும் இதை வாங்கியதையும் பார்த்துக்கொண்டுதானே நின்றீர்கள்?"

ஆமை தன்னிடம் இருந்த நல்ல கருவாடு இரண்டை முன்னால் தள்ளியது. பொன்னரி அதைத் தொடவில்லை.

குட்டி பிழைத்துக்கொண்டது, ஆனால் எழுந்து நடக்க ஒரு மாதமானது. அந்த மழைக்காலம் முழுவதும் பொன்னரி நனைந்துகொண்டேதான் இரை தேடியது. ஒடுக்கனோடு அது பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஏமாற்றுகிறவன் ஒருவன்தான் என்றாலும், அவன் கடையை நடத்திக் கொடுப்பவர்கள் தெரிந்தும் வாய்மூடி நிற்கிறவர்களே.