பெட்டி எதைக் கேட்டுக்கொண்டிருந்தது

இது நான் நேரில் பார்த்ததல்ல. பாளையங்கோட்டையில் ஷெர்லி டீச்சரிடம் கிதார் படித்த ஒருவர் எனக்குச் சொன்னது. அவருக்கும் பாதிக்கு மேல் மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். எனக்கு நிச்சயமில்லாத இடங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன்.

ஷெர்லி டீச்சர் கிதார் சொல்லித்தருபவர். கிதாரின் ஒலியை மாற்றும் பெடல்களைத் தானே செய்வார். விருப்பப்பட்டவர்களுக்கு அதையும் சொல்லித்தருவார். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும்.

அவருடைய மாணவர்களில் மூத்தவர் அருமைநாயகம். தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டீச்சர் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவார். அவர் டீச்சரை டீச்சர் என்றே கூப்பிடுவார்.

அருமைநாயகம் தன் தேவாலய சபையின் பாடகர் குழுவான கொயரில் கிதார் வாசித்தார். மூன்று பெடல்களைக் காலடியில் பரப்பி வைப்பதற்குப் பதிலாக, மூன்றையும் ஒரே பெட்டிக்குள் தானே செய்து வைத்தார். ஒலியைக் கூட்டும் பூஸ்டர், அதைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன், திரும்பத் திரும்ப ஒலிக்கவைக்கும் எக்கோ. வீட்டில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். நன்றாக இருந்தது.

ஞாயிறு ஆராதனையில் மூன்றையும் ஒன்றாகப் போட்டார். பெட்டி கூவியது. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் மைக்கைக் கொண்டுபோனால் வருமே, அந்த மாதிரிக் கூவல். அப்போது அவர் கிதாரின் கம்பியைத் தொடக்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு வந்தார்.

"டீச்சர், மூணுல எது கெட்டதுன்னு மட்டும் சொல்லுங்க. அதைத் தூக்கிப் போட்டுட்டு வேற செஞ்சு வைக்கேன்."

"என்ன அவசரம் அண்ணாச்சி?"

"வார ஞாயித்துக்கிழமையும் கத்துச்சுன்னா இனி கிதாரே வேண்டாம்னுட்டாரு கொயர் மாஸ்டர். கீபோர்டுலயே கிதார் சத்தம் வருமாம்."

"வரும்."

"நீங்களும் வரும்னு சொல்லாதீங்க டீச்சர்."

டீச்சர் சிரித்தார். பெட்டியை வாங்கித் தன் கிதாரையும் ஒலிபெருக்கும் ஆம்ப்பையும் அதில் மாட்டினார்.

"டிஸ்டார்ஷன்ல டிரான்சிஸ்டரை மாத்திப் பாத்துட்டேன்" என்றார் அருமைநாயகம். "பூஸ்டரை முழுசா மறுபடி செஞ்சேன். எக்கோ மேல மட்டும்தான் இன்னும் சந்தேகப்படலை."

"அது மேலயும் பட்டுருங்க. இல்லன்னா வருத்தப்படப்போகுது."

டீச்சர் பூஸ்டரை மட்டும் போட்டார். கூவவில்லை. டிஸ்டார்ஷனை மட்டும் போட்டார். கூவவில்லை. எக்கோவும் அப்படியே. மூன்றையும் சேர்த்துப் போட்டார். பக்கத்து வீட்டு நாய் குரைக்கும் அளவுக்குக் கூவியது. அணைத்தார்.

"மூணும் நல்லாத்தான் இருக்கு."

"அப்ப கத்துறது யாரு?"

டீச்சர் திருப்புளியை எடுத்து மூடியைக் கழற்றினார்.

உள்ளே ஒரு கம்பிகூடத் தனியாகத் தொங்கவில்லை. எல்லாக் கம்பிகளும் ஒன்றுசேர்ந்து, பெட்டியின் பின்சுவரை ஒட்டி, மெழுகு பூசிய நூலால் கட்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு முடிச்சுக்கும் நடுவே ஒரே இடைவெளி. பின்னிவிட்ட சடை போல இருந்தது.

டீச்சர் ஒரு முடிச்சை விரலால் தடவிப் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்கு அண்ணாச்சி."

"எக்ஸ்சேஞ்சுல இப்படித்தான் கட்டணும். ஒரு கம்பி துருத்திக்கிட்டு நின்னா மொத்தத்தையும் பிரிச்சுக் கட்டச் சொல்லுவாங்க. புதுசா வாரவங்களுக்கு என் கட்டைத்தான் காட்டுவாங்க."

டீச்சர் விளக்குமாற்றில் இருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவினார். பெட்டியை மறுபடி போட்டார். கூவல் எழுந்தது. ஈர்க்கின் நுனியைக் கட்டுக்குள் நுழைத்து, ஒரு கம்பியை மெல்ல நெம்பித் தூக்கினார். கூவல் இறங்கி முனகலானது. கம்பியை விட்டார். கூவல் பழைய இடத்துக்கு ஏறியது.

அருமைநாயகம் குனிந்தார்.

"நான் செஞ்சு பாக்கலாமா?"

ஈர்க்கை வாங்கினார். தூக்கினார், இறக்கினார். கூவல் கூடவே இறங்கி ஏறியது. மறுபடியும் செய்தார். வந்த காரியத்தை மறந்துவிட்டார் போலிருந்தது.

"இதை வச்சே ஒரு பாமாலை வாசிச்சிரலாம் டீச்சர்."

"வாசிக்கலாம். கொயர் மாஸ்டர் என்ன சொல்லுவார்னு தெரியலை."

அருமைநாயகம் ஈர்க்கைக் கீழே வைத்தார்.

"நீங்க தூக்குனீங்கள்லா, அந்தக் கம்பி எங்க போகுது?" என்று கேட்டார் டீச்சர்.

அவர் விரலால் அதைப் பின்தொடர்ந்தார். "வெளிய. ஆம்ப்புக்கு."

"அதை ஒட்டிப் படுத்திருக்கது?"

"கிதார்ல இருந்து உள்ள வாரது."

"ஒண்ணு பெட்டிக்கு வாய். இன்னொண்ணு காது. ரெண்டையும் சேத்துக் கட்டியிருக்கீங்க."

"நான்தான் கிதாரைத் தொடவே இல்லையே டீச்சர். காது எதைக் கேக்கும்?"

"அது சொன்னதையே கேக்குது. கேட்டதை இன்னும் பெருசாச் சொல்லுது. மறுபடி அதையே கேக்குது."

அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"எக்ஸ்சேஞ்சுல எத்தனை பேரோட பேச்சை ஒரே கட்டாக் கட்டியிருக்கேன். ஒருத்தர் பேசுனது இன்னொருத்தருக்குக் கேட்டதில்லை."

"அங்க எல்லாரும் ஒரே சத்தத்துல பேசுனாங்க. இங்க ஒருத்தர் காதுல சொல்லுதாரு, ஒருத்தர் மேடையில நின்னு கத்துதாரு."

டீச்சர் ஒரு பிளேடை எடுத்து அவர் பக்கம் நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"வேற வழி இல்லையா டீச்சர்?"

"இருக்கே. மூணுலயும் சத்தத்தை நல்லாக் குறைச்சு வச்சுக்கிடலாம்."

"அப்ப கிதார் யாருக்கும் கேக்காதே."

"கேக்காது. கட்டு அப்படியே இருக்கும்."

அருமைநாயகம் பெட்டிக்குள் பார்த்தார். பிறகு பிளேடை வாங்கி முதல் முடிச்சை அறுத்தார். மற்ற முடிச்சுகளையும் அவரே அறுத்தார். டீச்சர் உதவிக்கு வரவில்லை.

உள்ளே வரும் கம்பியை எடுத்துவிட்டு, பக்கத்துக் கம்பியின் ஒலி புகாதபடி மேலே உலோக வலை சுற்றிய கம்பி ஒன்றை டீச்சர் பற்றவைத்தார். அதை இடதுபக்கச் சுவரோரம் விட்டார். வெளியே போகும் கம்பியை வலதுபக்கம் தள்ளினார். மற்றவை விழுந்த இடத்தில் கிடந்தன.

மூன்றையும் போட்டார்கள். லேசான இரைச்சல். கூவல் இல்லை. அருமைநாயகம் கிதாரின் ஒரு கம்பியைத் தட்டினார். அது ஒலித்து, எதிரொலித்து, அடங்கியது.

"உள்ள பாக்கச் சகிக்கலை" என்றார் அவர்.

"யாரு பாக்கப் போறா அண்ணாச்சி?"

அவர் மூடியை வைத்துத் திருகினார்.

திங்கட்கிழமை மாலை வெறுங்கையோடு வந்தார். டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"கத்துச்சா?"

"இல்ல."

"மாஸ்டர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை. நல்லா இருக்குன்னும் சொல்லலை."

"சரி, கிதார் எப்படிக் கேட்டுச்சு?"

அருமைநாயகம் யோசித்தார். அவருடைய முகத்தில் கொஞ்சம் கலவரம் தெரிந்ததாம்.

"அதைக் கவனிக்கலையே டீச்சர். ரெண்டாம் சரணத்துல கீழ்க்குரல்ல ஆல்டோ பாடுதவங்க மட்டும் தனியா ஒரு வழியில இறங்கிப்போயி, கடைசி அடியில வந்து சேருதாங்க. கேட்டா, எப்பவும் அப்படித்தானாம். நான் இப்பதான் கேக்கேன்."

"அப்ப பெட்டி சரியாயிருச்சு அண்ணாச்சி" என்றார் டீச்சர்.

எனக்குச் சொன்னவர் இங்கே நிறுத்திவிட்டார். நான் பிறகு அந்தச் சபையின் கீபோர்டுக்காரரைத் தேடிப்போய் விசாரித்தேன். பெட்டி கூவினால் உடனே கிதார் பகுதியைத் தான் வாசிக்கவேண்டும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை தன்னிடம் சொல்லப்பட்டிருந்தது உண்மைதான் என்றார். அதற்காகவே கீபோர்டில் கிதார் ஒலியைத் தனியாக எடுத்து வைத்திருந்தாராம். பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் அந்த ஏற்பாடே அவருக்கு ஞாபகம் வந்ததாம்.