உள்ளே நான் இல்லை

கோணமங்கலம் கடைத்தெருவில் மூன்று பேர் கூட்டாகப் பந்தல் சாமான் வாடகைக் கடை வைத்திருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருந்தால்கூடப் பிழைத்துப் போயிருப்பார்கள். அதுவும் இல்லை. மூத்தவர் குஞ்சிதபாதம். யோசிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார், அதனால் அவரை அறிவாளி என்று மற்ற இரண்டு பேரும் நம்பினார்கள். இளையவன் ஏகாம்பரம். அவனுக்கு எழுதத் தெரியும், எதை எழுதக் கூடாது என்று மட்டும் தெரியாது. நடுவில் தாண்டவராயன். இது அவனுடைய கதை.

தாண்டவராயனுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷம். மனைவி வடிவாம்பாள் கெட்டிக்காரி. கெட்டிக்காரி எப்படி இவனுக்கு வாழ்க்கைப்பட்டாள் என்று என்னைக் கேட்காதீர்கள், அவளுக்கே இன்னும் தெரியவில்லை. போன வருஷம் கல்யாண நாளைக்குக் கடையிலிருந்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து பரிசு என்று கொடுத்தான். அவளும் போனால் போகிறது என்று வாங்கிக்கொண்டாள். மறுநாள் காலையில், ஒரு காதுகுத்து விசேஷத்துக்கு நாற்காலி ஒன்று குறைகிறது என்று வந்து திரும்பக் கேட்டான். அப்போது அவள் அதில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

இந்த வருஷம் அவள் முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

"அடுத்த திங்கக்கிழமை எங்கம்மா வீட்டுக்குத் திருவிழாவுக்குப் போறேன். வெள்ளிக்கிழமை கல்யாண நாள், அன்னிக்கு வருவேன். பொண்டாட்டின்னு ஒருத்தி இருக்காங்கற நெனப்பு உங்களுக்கு இருக்குதான்னு அன்னிக்குத் தெரிஞ்சுடணும். இல்லேன்னா கையில இருக்கிற பையைக்கூடக் கீழ வைக்க மாட்டேன். அப்படியே திரும்பி அம்மா வீட்டோட போயிடுவேன்."

தாண்டவராயன் பயந்துபோனான். அவள் இல்லாவிட்டால் சட்டைக்கு எது முன்பக்கம் என்றுகூட அவனுக்குத் தெரியாது. அது ஒரு பக்கம் இருக்கட்டும், அவளை அவனுக்கு நிஜமாகவே பிடிக்கும். முட்டாளுக்குப் பெண்டாட்டி மேல் ஆசை இருக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லையே.

அன்று சாயங்காலம் டீக்கடையில் வாங்கிய பஜ்ஜியைச் சுற்றி வந்த தாளில் வழி கிடைத்தது. ஏதோ ஒரு வாரப் பத்திரிகையின் கிழிந்த பக்கம். 'அதிகச் செலவில்லாமல் அன்பானவரை அசத்துவது எப்படி?' என்று தலைப்பு. ஏகாம்பரம் எண்ணெயைத் துடைத்துவிட்டு உரக்கப் படித்தான்.

"'உங்கள் அன்புக்குரியவர் எதையெல்லாம் சொல்லி அலுத்துக்கொள்கிறார் என்று ஒரு வாரம் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தக் குறைகளை அவருக்குத் தெரியாமல் நீக்கிவிடுங்கள். கடையில் வாங்கும் எதுவும் அதற்கு ஈடாகாது. பரிசை அழகான பெட்டியில் வைத்து, மேலே உங்கள் கையாலேயே ஒரு வரி எழுதி வையுங்கள்.'"

நல்ல யோசனைதான். எழுதிய புண்ணியவான் கோணமங்கலத்துக்கு வந்ததில்லை, அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து மூன்று பேரும் கடையைப் பூட்டிவிட்டு, நோட்டும் பேனாவுமாக வடிவின் பின்னாலேயே நடந்தார்கள். அவள் அடுப்படிக்குப் போனால் இவர்களும் அடுப்படி. அவள் கொல்லைக்குப் போனால் இவர்களும் கொல்லை.

"என்ன கண்றாவி இது? எதுக்கு மூணு பேரும் என் முதுகுக்குப் பின்னாடியே நிக்கிறீங்க?" என்று கேட்டாள் வடிவு.

ஏகாம்பரம் அதையும் எழுதிக்கொண்டான்.

திங்கட்கிழமை அவள் பஸ் ஏறினாள். அரை மணி நேரத்தில் மூன்று பேரும் வீட்டுக் கூடத்தில் நோட்டைப் பிரித்தார்கள்.

"'இந்தக் கொல்லைக் கதவு கிறீச் கிறீச்னு கத்துறதுல தலை வலிக்குது'ன்னு அண்ணி சொல்லியிருக்காங்க" என்றான் ஏகாம்பரம்.

"எண்ணெய் விடலாமா?" என்றான் தாண்டவராயன். அந்த வாரத்தில் அவன் சொன்ன ஒரே உருப்படியான வார்த்தை அதுதான்.

குஞ்சிதபாதம் கண்ணை மூடினார். "எண்ணெய் விட்டா இன்னிக்குக் கத்தாது. அடுத்த வருஷம் கத்தும். பத்திரிகைக்காரன் குறையை நீக்கச் சொன்னானே தவிர, ஒத்திப்போடச் சொல்லலை."

கதவைக் கழற்றிக் கடையில் போட்டார்கள். கொல்லையில் அதன்பிறகு ஒரு சத்தமும் இல்லை. சத்தமே இல்லாமல் பக்கத்து வீட்டு ஆடு உள்ளே வந்து, வடிவின் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டது.

"ஆட்டை விரட்டிடவா அண்ணே?" என்று கேட்டான் தாண்டவராயன்.

ஏகாம்பரம் நோட்டை இரண்டு தடவை புரட்டினான். "ஆட்டைப் பத்தி அண்ணி ஒண்ணுமே சொல்லலையே." சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்தது ஓடு. கூடத்துக்கு மேலே ஒரே ஒரு ஓடு ஒழுகுகிறது என்று வடிவு குறைப்பட்டிருந்தாள். தாண்டவராயன் ஏறி அந்த ஓட்டை எடுத்துவிட்டான். ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பார்த்ததில், அதற்குப் பக்கத்து ஓட்டின் ஓரத்திலிருந்து சொட்டியது. குற்றவாளி அதுதான் என்று அதையும் எடுத்தான். மறுபடி ஊற்றினால் அதற்கும் பக்கத்து ஓடு. இப்படியே சொட்டச் சொட்ட எடுத்ததில், கடைசியில் ஒரு ஆள் கையைக் காலை நீட்டிப் படுக்கிற அளவுக்கு வானம் தெரிந்தது.

"இப்ப ஒழுகுதா?" என்று மேலிருந்து கேட்டான்.

"சொட்டுக்கூட ஒழுகலை. நேரா கொட்டுது" என்றார் கீழே நனைந்துகொண்டு நின்ற குஞ்சிதபாதம்.

"கொட்டுறதைப் பத்தி நோட்டுல இல்லை" என்றான் ஏகாம்பரம். அந்த வேலையும் முடிந்தது.

குடத்தைத் தூக்கி இடுப்பு ஒடிகிறது என்று வடிவு சொன்னதற்கு வைத்தியம் குஞ்சிதபாதத்தினுடையது. ஒவ்வொரு குடத்திலும் சரிபாதி உயரத்தில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டார். இனிமேல் வடிவே நினைத்தாலும் அரைக் குடத்துக்கு மேல் தூக்க முடியாது. அவள் இடுப்பை எண்ணித் தாண்டவராயனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த யோசனை எனக்குப் பதினொரு வருஷமா வரலையே அண்ணே" என்றான்.

புதன்கிழமை மத்தியானம் ஏகாம்பரம் நோட்டின் கடைசிப் பக்கத்துக்கு வந்தான். வந்தவன் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான்.

"என்னடா?" என்றார் குஞ்சிதபாதம்.

"கதவைப் பத்தி ரெண்டு தடவை. ஓடு ஒழுகுறதைப் பத்தி மூணு. குடத்தைப் பத்தி அஞ்சு. 'இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டு எனக்கு ஒரு நாள் நிம்மதி உண்டா'ன்னு அறுபத்தி நாலு."

கட்டிலில் ஆடு எதையோ மென்றுகொண்டிருந்தது.

"சின்னக் குறையையெல்லாம் நீக்கிட்டுப் பெரிய குறையை விட்டுவைக்கிறது மோசடி" என்றார் குஞ்சிதபாதம்.

அறுபத்து நான்கு தடவை சொன்னபோதும் தாண்டவராயன் பக்கத்தில்தான் நின்றிருக்கிறான், ஒரு தடவைகூடக் காதில் விழவில்லை. வருத்தமாக இருந்தது. ஆனால் வடிவு நிம்மதியாக இருப்பாள் என்றால் தான் இருந்துதான் என்ன ஆகப்போகிறது? "சரி அண்ணே, என்னை நீக்கிடுங்க" என்றான்.

பரிசைப் பெட்டியில் வைக்க வேண்டுமே, அங்கேதான் சிக்கல். ஒன்று இல்லாமல் போவதுதான் பரிசு என்றால் பெட்டிக்குள் எதை வைப்பது? ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. கடைசியில் கடையிலிருந்து பெரிய கரண்டிப் பெட்டியைக் கொண்டு வந்தார்கள். அண்டாக் கரண்டி, ஜல்லிக் கரண்டி எல்லாம் போட்டு விசேஷ வீடுகளுக்கு அனுப்புகிற மரப்பெட்டி அது. கரண்டிகளை எடுத்துவிட்டு, மெத்தென்று இருக்கட்டும் என்று பழைய பந்தல் துணியை உள்ளே மடித்துப் போட்டார்கள். கூடத்து நடுவில், வெளிச்சம் நன்றாக விழுகிற இடமாகப் பார்த்து, அதாவது ஓடு இல்லாத இடத்துக்கு நேர் கீழே, வைத்தார்கள். தாண்டவராயன் தன் கையாலேயே ஒரு சீட்டு எழுதி மூடியில் ஒட்டினான்: 'உள்ளே நான் இல்லை. அன்புடன், தாண்டவராயன்.'

இனி அவள் கண்ணில் படாத இடத்தில் அவன் இருக்க வேண்டும்.

"நோட்டுல ஒண்ணு இருக்கு" என்றான் ஏகாம்பரம். "'பதினொரு வருஷமா எங்கம்மா வீட்டு வாசப்படியை இந்த மனுஷன் மிதிச்சதில்லை.'"

குஞ்சிதபாதம் கண்ணைத் திறந்தார். "அப்போ பதினொரு வருஷமா வடிவு உன்னைப் பார்க்காத ஒரே இடம் மாமியார் வீடு. அதைவிடப் பத்திரமான இடம் எது?"

வியாழக்கிழமை தாண்டவராயனைக் கடையின் மூன்று சக்கரத் தட்டுவண்டியில் ஏற்றி, மாமியார் ஊரான மருதாங்குடிக்கு மிதித்தார்கள். அவள் ஊருக்குப் போன சேதி தெரிந்தவர்கள், பஸ் ஏற்றிவிட்டவர்கள், மூன்று பேரும். எந்த ஊருக்குப் போனாள் என்று ஒருத்தனாவது யோசித்தானா? யோசிப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது.

தாண்டவராயன் மாமியார் வீட்டுக் கதவைத் தட்டினான். கதவைத் திறந்தது வடிவு.

வடிவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

"வந்துட்டீங்களா?" என்றாள். "அம்மா, இங்க வந்து பாரேன், உன் மாப்பிள்ளை வந்திருக்காரு."

அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய் ஒரு வாய் சாப்பிட்டிருந்தால் போதும். பதினொரு வருஷத்துக் கோபமும் அந்த வாசலிலேயே தீர்ந்திருக்கும். காலணா செலவில்லாத பரிசு, எதிர்பாராத பரிசு, அவளுக்கு வேண்டிய பரிசு. ஆனால் தாண்டவராயன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"நீ ஏன் இங்க இருக்கே? காரியத்தையே கெடுத்துட்டியே. என்னைப் பார்க்கலைன்னு வச்சுக்கோ. நாளைக்கு வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரி, தெரியும்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிட்டான். மாமியார் சொம்பில் தண்ணீரோடு வாசலுக்கு வந்தபோது தெருமுனையில் வண்டியின் பின்பக்கம்தான் தெரிந்தது.

"வந்ததென்னவோ வந்தாரும்மா" என்றாள் வடிவு. அவள் குரலில் கோபம் பாதிதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் மறுபடி ஆலோசனை. "வடிவு என்னிக்காவது கூரையை அண்ணாந்து பார்ப்பாளா?" என்றார் குஞ்சிதபாதம்.

"ஒழுகினா பார்ப்பா" என்றான் தாண்டவராயன்.

"இப்போதான் ஒழுகலையே."

தாண்டவராயன் கூரைமேல் ஏறி, ஓடில்லாத இடத்தின் ஓரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டான்.

வடிவு பதினொரு மணிக்கு வந்தாள். கொல்லைப் பக்கம் கதவில்லை. கட்டிலில் ஆடு. குடத்தை எடுத்துத் தண்ணீர் மொண்டாள், குடத்தின் நடுவயிற்று ஓட்டையிலிருந்து பீய்ச்சி அவள் புடவையை நனைத்தது. கையில் இருந்த பையை அவள் கீழே வைக்கவே இல்லை. குஞ்சிதபாதமும் ஏகாம்பரமும் சுவரோரமாக நின்று, அசந்துபோய்விட்டாள் என்று ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

கூடத்துக்கு வந்தாள். சீட்டைப் படித்தாள். மூடியைத் திறந்தாள்.

"இதுல அவரு இல்லைன்னு எனக்குத் தெரியாதா? இது ஒரு பரிசா?" என்றாள். குரல் உடைந்திருந்தது. வாசலைப் பார்த்துத் திரும்பினாள்.

கூரைமேல் இருந்தவனுக்கு அவள் சொன்னது சரியாகக் கேட்கவில்லை. அவள் முகம் எப்படி மலர்கிறது என்று ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தான். அதற்கும் கொஞ்சம் எட்டினான். அடுத்த நிமிஷம் கரண்டிப் பெட்டிக்குள், பந்தல் துணிமேல் தொப்பென்று கிடந்தான்.

வடிவு திரும்பிப் பெட்டிக்குள் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மூடியை மூடி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

பலகை இடுக்கு வழியாகக் குரல் வந்தது. "வடிவு, பரிசு புடிச்சிருக்கா?"

"போன வருஷ நாற்காலியைப் புடுங்கிட்டுப் போனீங்கள்ல? இதை விட்டு நான் எந்திரிக்கப் போறதில்லை" என்றாள்.

ஏகாம்பரம் தொண்டையைக் கனைத்தான். "அண்ணி, கொஞ்சம் எந்திரிக்கணும். இந்தப் பெட்டி சாயங்காலம் மேலத்தெருவுல ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போகணும்."

வடிவு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். மரியாதையாக எழுந்து நின்று, வழியை விட்டாள். "தாராளமா கொண்டு போங்க தம்பி" என்றாள்.

இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கித் தட்டுவண்டியில் வைத்தார்கள். வழக்கத்தைவிடக் கனமாக இருக்கிறதே என்று குஞ்சிதபாதம் சொன்னார், நல்ல கரண்டியாக இருக்கும் என்றான் ஏகாம்பரம். உள்ளே தாண்டவராயன் மூச்சு விடவில்லை. தன்னை வீட்டைவிட்டு நீக்கிக்கொண்டு போகிறார்கள், அவளும் தடுக்கவில்லை. பரிசு பலித்துவிட்டது என்று அவனுக்கு ஒரே பூரிப்பு.

பலித்தது என்பதும் உண்மைதான். வண்டி தெருமுனை திரும்பியதும் வடிவு பையைக் கீழே வைத்தாள். ஆட்டை விரட்டினாள். அரைக் குடம் தண்ணீரில் காப்பி போட்டு, ஒரு கேள்வியும் காதில் விழாமல், முழு டம்ளரையும் உட்கார்ந்து குடித்தாள். பதினொரு வருஷத்தில் அப்படி ஒரு காப்பி அவள் குடித்ததில்லை. அம்மா வீட்டுக்குத் திரும்புகிற நினைப்பே அப்புறம் அவளுக்கு வரவில்லை.

மேலத்தெருவில் சமையல்காரர் கரண்டி எடுக்க வந்தார். மூடியில் இருந்த சீட்டைப் படித்துவிட்டுத் திறந்தார். உள்ளே தாண்டவராயன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தாண்டவராயன்கிறது நீதானே?"

"நான்தாங்க."

"நீ உள்ளே இல்லைன்னு எழுதியிருக்கே."

"என் கையெழுத்துதாங்க. சரியாத்தான் எழுதியிருக்கேன்."

சமையல்காரரும் கோணமங்கலத்தில் பிறந்து வளர்ந்தவர்தான். எழுத்தில் இருப்பதை மறுத்துப் பேசுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. மூடியைப் பழையபடி மூடிவிட்டு, "வெறும் பெட்டியை அனுப்பியிருக்கானுங்கய்யா" என்று வீட்டுக்காரரைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஆமாங்க," என்று பெட்டிக்குள்ளிருந்து பதில் வந்தது, "நானும் நல்லாத் தேடிப் பார்த்துட்டேன், உள்ளே ஒண்ணுமே இல்லை."