தெமாரு ராஜாவின் கால் கட்டைவிரல்

தென்கடலில் மோத்துவை என்று ஒரு தீவு. அதை ஆண்ட தெமாரு ராஜா தரையில் நடக்கவே மாட்டார். கால் ஊனமா? அதெல்லாம் இல்லை. ராஜாவின் பாதம் பட்ட மண் ராஜாவுக்கே சொந்தம். அதில் வேறு எவன் கால் வைத்தாலும் தலை போய்விடும். முன்னோர் வகுத்த சட்டம் அது. ஜனங்களும் நாலு இடம் நடமாட வேண்டுமே என்றுதான் ராஜாவைப் பிறந்ததிலிருந்து தோளில் சுமந்தார்கள்.

தெமாரு லேசுப்பட்டவரா? நல்ல தோட்டம் கண்ணில் பட்டால் போதும். வேலியோரம் ஆளைக் குனியச் சொல்லி, தோளில் இருந்தபடியே கால் கட்டைவிரலால் மண்ணைத் தொடுவார். தோட்டம் அவருடையது! இப்படியே ஒன்பது குடும்பங்களின் வாயில் மண்ணைப் போட்டிருந்தார்.

ஒரு நாள் அவர் கண் அரிமோவின் சீமைப்பலாத் தோட்டத்தில் விழுந்தது. அரிமோ, சபையில் ராஜாவுக்காகப் பேசுகிறவன். அவன் பிள்ளைகள் ஐந்து பேருக்கும் அந்தத் தோட்டம்தான் சோறு. ஆனாலும் அவன் பல்லைக் காட்டினான்.

"மகாராஜா, இவ்வளவு நல்ல தோட்டத்துக்கு வெறும் கட்டைவிரலா? நடுவில் போய் ரெண்டு காலையும் ஊன்றி நில்லுங்கள். என்ன கம்பீரமாக இருக்கும்!"

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. நடுத்தோட்டத்தில் இறங்கினார். பாதம் பட்டதுதான் தாமதம், சுமந்து வந்தவர்கள் "ஐயோ, ராஜா மண்!" என்று அலறி வேலியைத் தாண்டிக் குதித்தார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. ராஜா ஓரடி எடுத்து வைத்தார். நடந்தே அறியாத கால் அல்லவா? பொத்தென்று சேற்றில் உட்கார்ந்தார். கொசு வேறு மொய்த்தது.

"டேய், வந்து தூக்குங்கடா!"

"தலை போயிடுமே, மகாராஜா!"

"நான் சொல்றேன், போகாது!"

அரிமோ வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தான். "அப்படியென்றால் முன்னோர் சட்டத்தைத் தாங்கள் மாற்றலாமா?"

"நான் ராஜா! ஏன் மாற்றக் கூடாது?"

"அப்படியானால் தோட்டத்தை எனக்கே திருப்பித் தாருங்கள். என் மண்ணென்றால் ஓடி வந்து தூக்குவேன்."

ராஜா யோசித்தார். காதில் ஒரு கொசு கடித்தது. யோசனை முடிந்தது.

"எடுத்துக்கோ!"

"அந்த ஒன்பது தோட்டமும்? வழி நெடுக அவைதான், மகாராஜா. மழையில் வழுக்கினால் நாங்கள் கால் வைக்க இடம் வேண்டாமா?"

"எல்லாவற்றையும் கொடுத்துத் தொலை!"

அரிமோ ஓடிப்போய் அவரைத் தோளில் ஏற்றினான். சேறு வழியும் தன் கோலத்தைப் பார்த்து ராஜாவுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"கெட்டிக்காரன்டா நீ! என்ன பரிசு வேண்டும், கேள்!"

"பெரிதாக ஒன்றும் வேண்டாம், மகாராஜா. அரண்மனை போய்ச் சேரும்வரை காலை மடக்கி வைத்துக்கொண்டால் போதும்."