டப்பியில் ஒரு சிட்டிகை

“எந்தச் சொல் சரி, அம்மா?” என்று கேட்டார் மாசிலாமணி.

இடது கையில் தண்ணீர்ச் செம்பு. வலது கையை இன்னும் கழுவவில்லை.

வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்த வடிவாம்பாள் அம்மா நிமிர்ந்து பார்த்தாள். மாசிலாமணிக்குத் தங்கை வயதுதான் இருக்கும். அந்த ஆற்றங்கரை மடத்துக்கு அவள்தான் குரு.

“எதுக்குச் சொல் தேடறீங்க, வாத்தியாரே?”

“தென்னாப்பிரிக்காவிலேர்ந்து வந்த அந்தப் பொண்ணுக்கு. நீங்க சொன்னதை இங்கிலீஷ்ல சொல்ல.”

“இன்னுமா சொல்லலை?”

செம்பில் தண்ணீர் தளும்பியது.

மாசிலாமணி கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். அகந்தையைக் கரைக்கப்போகிறேன் என்று மடத்துக்கு வந்தார். வந்தவர் ஆங்கிலத்தை வீட்டிலேயே பூட்டிவிட்டு வந்திருக்கலாம். மனசு வரவில்லை.

அதிலும் தூள், துணுக்கு, துகள் என்றால் அவருக்கு உயிர். ரொட்டி உதிர்ந்தால் ‘கிரம்’ என்பார். விளக்குக் கண்ணாடி உடைந்தால் ‘ஷார்டு’. ஜன்னல் வெயிலில் மிதக்கும் தூசிக்கு ‘மோட்’. விறகு பிளப்பவர் விரலில் சிராய் ஏறினால், ஊசியைத் தேடுவதற்கு முன்னால் ‘ஸ்பிளின்டர்’ என்று சொல்லிவிடுவார்.

“இத்துனூண்டு சமாச்சாரத்துக்கு எத்தனை பேர் வச்சிருக்கான் பாருங்க!” என்று அவருக்குப் புல்லரிக்கும். கேட்பவர்கள் கொட்டாவியை விழுங்கிக்கொள்வார்கள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அம்மாவின் பேச்சை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்வது அவர் வேலை. அன்று காலையும் அதற்குத்தான் உட்கார்ந்திருந்தார்.

வந்தவள் பெயர் ஷாமினி. தமிழ் வம்சம்தான், ஆனால் தமிழ் தெரியாது. பல் விழுந்து முளைக்கிற வயதில் செத்துப்போன மகளின் அஸ்தியைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து, விடியற்காலையில் ஆற்றில் கரைத்திருந்தாள்.

முழுவதும் கரைக்கவில்லை. ஒரு சிட்டிகையை நிறுத்திவைத்திருந்தாள். மகளின் விழுந்த பல்லைப் போட்டுவைத்த குட்டி டப்பியில் அது இருந்தது.

கொஞ்சம்கூட வீட்டில் வைக்கக் கூடாது என்று கரையில் சடங்கு செய்தவர்கள் சொல்லிவிட்டார்களாம். மூடியைத் திறந்து காட்டி ஆங்கிலத்தில் கேட்டாள்.

“இதை மட்டும் நான் வைத்துக்கொள்ளலாமா?”

மாசிலாமணி தமிழில் சொன்னார். அம்மா டப்பியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

“ஒரு சிட்டிகைதானே? வச்சுக்கட்டும்.”

சொல்லிவிட்டு, அடுத்து அழுதுகொண்டிருந்த ஒரு கிழவரின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இனி மாசிலாமணி சொல்லவேண்டியது ஒரே ஒரு வாக்கியம்.

“அப்போ என்ன சொன்னீங்க?” என்று அம்மா இப்போது கேட்டாள்.

“சிட்டிகைக்கு ‘பின்ச்’னு ஒரு சொல் இருக்கு. ஆனா அது உப்புக்குச் சொல்றது. அஸ்திக்குச் சொன்னா மரியாதையா இருக்காதேன்னு யோசிச்சேன்.”

“யோசிச்சு?”

“‘ஸ்பெக்’னு சொல்லலாமான்னு பார்த்தேன். அது அழுக்குக்கும் வரும். ‘ஃபிளேக்’னா செதில் மாதிரி இருக்கணும்.”

“இதெல்லாம் மனசுக்குள்ளயா?”

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார்.

“வாய்விட்டுத்தான், அம்மா. அவகிட்டயே விளக்கினேன்.”

“விளக்கினீங்க.”

“தூளா இருக்கா, குருணையா இருக்கான்னு தெரிஞ்சா சொல் கிடைச்சிடும்னு தோணிச்சு. அதனால…”

“அதனால?”

“டப்பியில விரலை விட்டு எடுத்து, தேய்ச்சுப் பார்த்தேன்.”

அம்மா அவர் வலது கையைப் பார்த்தாள். திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

“அவ ‘ஸாரி’ன்னு சொன்னா,” என்றார் மாசிலாமணி. “நான் பண்ணின காரியத்துக்கு அவ ஸாரி சொன்னா, அம்மா. டப்பியை மூடிக்கிட்டு எழுந்து போயிட்டா. நானும் பின்னாலயே போனேன். நான் மேல் படியில நிக்கறப்போ, அவ கீழ இறங்கி டப்பியைத் தண்ணியில கவுத்துட்டா.”

அவமானத்தில் காது மடல்வரை சுட்டது. எத்தனை பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தவர். இன்றைக்கு அவருக்கு நிற்க ஒரு இடம் இல்லை.

“சரியான சொல் முதல்லயே வாயில வந்திருந்தா இப்படி ஆகியிருக்காது. எது அம்மா அந்தச் சொல்?”

“பிள்ளை பேர் என்ன?”

“ஷாமினி.”

“அம்மாக்காரி பேர் கேக்கலை. டப்பியில இருந்த பிள்ளை.”

மாசிலாமணி செம்பைப் பார்த்தார்.

அந்தப் பேரை அவர் கேட்கவே இல்லை.

“குளிச்சிட்டு வந்துடறேன், அம்மா,” என்றார். அங்கிருந்து தப்பித்தால் போதும் என்றிருந்தது. அஸ்தியைத் தொட்டவர்கள் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்பது மடத்து வழக்கம். முதலில் கையையாவது கழுவலாம் என்று செம்பைச் சாய்த்தார்.

அம்மா எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“கழுவாதீங்க.”

வலது கையை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பெருவிரல் ரேகைக்குள் சாம்பல் நிறம். நகத்தின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு பொடி.

மாசிலாமணி அதைப் பார்த்தார்.

அது தூளா குருணையா என்று அவருக்குத் தோன்றவில்லை.

செம்பு கீழே விழுந்து உருண்டது. அவர் அப்படி ஓடி மடத்தில் யாரும் பார்த்ததில்லை. வலது கையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு ஓடினார். படித்துறைப் பாசியில் கால் வழுக்கியது. இடது கையை ஊன்றி, முழங்கால் சிராய்த்து எழுந்தார். வலது கையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை.

ஷாமினி கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் காலி டப்பி.

மாசிலாமணி அவளுக்குக் கீழே, ஈரப் படியில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்க ஆங்கிலத்தில் எத்தனையோ சொல் உண்டு. அத்தனையும் பாடம் நடத்தியவர்தான். ஒன்றும் வாயில் வரவில்லை.

“அம்மா வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்,” என்றார் ஆங்கிலத்தில். “நான்தான் உங்களிடம் சொல்லவில்லை.”

பெருவிரலை நீட்டினார். உதிர்ந்துவிடுமோ என்று மூச்சை அடக்கிக்கொண்டார்.

ஷாமினி விரலைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பிறகு டப்பியைத் திறந்து, அவர் விரலுக்குக் கீழே கொண்டுவந்து பிடித்தாள்.

மாசிலாமணி விரலை உடனே தட்டவில்லை.

“குழந்தை பேர் என்னம்மா?” என்றார். தமிழில்தான் வந்தது.

அவளுக்குப் புரிந்தது.

“கவிஷா,” என்றாள்.