முத்துப்பேச்சி கல்யாணத்துப் பாசி

தீவை ஒட்டிய பவளப்பாறையில் கொடுக்கையன் என்றொரு நண்டு இருந்தது. அதன் மகள் முத்துப்பேச்சிக்கு அடுத்த பௌர்ணமியில் கல்யாணம்.

அந்தக் கடலில் வெற்றிலை பாக்கெல்லாம் கிடையாது. கடற்பாசி கொடுத்துத்தான் அழைப்பு, கடற்பாசி போட்டால்தான் பந்தி. பந்தியில் பாசி குறைந்தால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுவார்கள்! அந்தப் பயத்தில் கொடுக்கையனுக்குத் தூக்கமே இல்லை. தன் பாறையிலிருந்த பாசியை எல்லாம் அடியோடு பிடுங்கி வளைக்குள் திணிக்கத் தொடங்கியது.

பக்கத்துப் பாறையில் நுனிப்பாசியை மட்டும் கொறித்துக்கொண்டிருந்த ஓரா மீன் செங்கமலம் பதறிப்போனது.

"அண்ணே! கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாசம் கிடக்கே. அடியை விட்டு வச்சா அதுக்குள்ள தழைச்சிடுமே!"

"தழைக்கலைன்னா? என் மானத்தை நீயா காப்பாத்துவ? உன் வேலையைப் பாரு தங்கச்சி!"

வளை நிறைந்தது. அதன் மேலேயே படுத்துக் கொடுக்கையன் நிம்மதியாகக் குறட்டை விட்டது.

கல்யாண நாள் விடிந்தது. வளையைத் திறந்தால், ஐயையோ! பாசி வெளுத்து, கொழகொழத்து, குடலைப் புரட்டும் நாற்றம்! வெளியே பாறையோ மொட்டைத் தலை மாதிரி கிடந்தது. அதற்குள் மாப்பிள்ளை வீட்டு நண்டுகள் மணலில் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

"என் மகள் கல்யாணத்தை நானே கெடுத்துட்டேனே!" என்று கொடுக்கையன் ஓவென்று அழுதது.

"அழுவுறதுக்கா நேரம் இது? பந்தியை என் பாறையில போடுங்க!" என்றது செங்கமலம்.

அங்கே பாசி மறுபடி தழைத்துக் கொழுகொழுவென்று ஆடியது. வந்தவர்கள் வயிறு முட்டத் தின்றார்கள். அப்படியும் அடிப்பாசி அப்படியே இருந்தது. தாலி கட்டி முடிந்ததும் சம்பந்தி நண்டு பெரிய ஏப்பம் விட்டது.

கொடுக்கையன் கூனிக் குறுகி வந்தது. "தங்கச்சி, அன்னைக்கு வாய் நீண்டுபோச்சு. மன்னிச்சுக்கோ. மகளுக்குச் சீர் கொடுக்கக்கூட என்கிட்ட ஒண்ணுமில்ல."

"அதுக்கென்னண்ணே!" என்று செங்கமலம் பாசி ஒட்டியிருந்த இரண்டு சிறு கற்களைக் காட்டியது. "ஒண்ணு முத்துப்பேச்சிக்கு. இன்னொண்ணு உங்க மொட்டைப் பாறைக்கு!"

கொடுக்கையன் ஒரு கல்லை மகளிடம் கொடுத்தது. பார்த்ததும் சம்பந்திக்கு நாக்கில் எச்சில் ஊறியது. பாசியை அப்படியே பிடுங்கக் கொடுக்கை நீட்டியது.

கொடுக்கையன் பாய்ந்து விழுந்து தடுத்தது. "சம்பந்தி! நுனியை மட்டும்! நுனியை மட்டும்!"

கல்யாணக் கூட்டமே விழுந்து விழுந்து சிரித்தது.

இன்றைய பசிக்கு நுனியைக் கிள்ளி, நாளைய பசிக்கு அடியை விட்டு வைப்பவர் வீட்டில் பந்தி ஒருநாளும் ஓயாது.