ஜாடி இல்லாமல் ஒரு வெற்றிடம்

ஜப்பானில் ஒரு மலையூரில் விறகுச் சூளை வைத்து ஜாடி சுட்டு வந்தாள் ஹிசா. அவள் ஜாடி ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பிரபு நாகமுனே, "கழுத்து வளைவு சுமார்தான். உள்ளே இருக்கும் வெற்றிடம்தான் அழகு. ஜாடி வேண்டாம், வெற்றிடத்தை மட்டும் நாளைக்கு அரண்மனைக்குக் கொண்டுவா. இல்லாவிட்டால் சூளையை இடித்துவிடுவேன்," என்றார்.

மறுநாள் ஹிசா, எதையோ ஏந்தியதுபோல் கைகளைக் குவித்தபடி மெல்ல நடந்து வந்தாள்.

"கொண்டுவந்துவிட்டேன் பிரபுவே. இதன்மேல் எதுவும் படக்கூடாது. கூடத்தைக் காலி செய்யச் சொல்லுங்கள்."

மெத்தைகள் போயின, திரைகள் போயின, மந்திரிகளும் வெளியே போனார்கள்.

"இன்னும் ஒன்று இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது," என்றாள்.

அது தான்தான் என்று புரியப் பிரபுவுக்குச் சற்று நேரம் பிடித்தது. அவரும் போய் முற்றத்து மழையில் நின்றார்.

ஹிசா வெற்றிடத்தை இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்தாள். மந்திரிகள் எட்டிப் பார்த்து, "கூடம் இவ்வளவு அழகாக என்றைக்குமே இருந்ததில்லை," என்று உருகினார்கள்.

பிரபு தும்மினார். "நான் எப்போது உள்ளே போகலாம்?"

"போனால் உடைந்துவிடும், பிரபுவே."

"அப்படியானால் திரும்ப எடுத்துக்கொண்டு போ."

"வரும்போது சின்னதாக இருந்தது. இப்போது கூடம் முழுக்கப் பரவிவிட்டது. பிடித்து அடைக்கப் பெரிய ஜாடி வேண்டும். சுட்டெடுக்கப் பத்து நாளாகும்."

பிரபு நனைந்த மீசையைப் பிழிந்துகொண்டார். "விறகு நான் அனுப்புகிறேன். சூளையை இன்றைக்கே பற்றவை."