கழுவிய கையால் வீசிய பந்து

திருச்சி லீக் ஆட்டங்களில் இருபத்திரண்டு ஆண்டுகள் பந்து வீசிய தாயுமானவன், ஆட்டக்காரர் என்பதற்கு முன் மைதானத்துக் கூலியாள். விடியலில் கயிற்றுப் பாயை ஆடுகளத்தின் மேல் இழுத்து விரித்து, ஓரங்களில் ஆணியடிப்பார். ஓர் அடிக்கு ஒரு 'சிவாய நம'. பிறகு குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, மலைக்கோட்டை இருக்கும் திசையைக் கும்பிட்டுவிட்டுத்தான் பந்தைத் தொடுவார்.

அவருக்குத் தெரிந்தது ஒரே பந்து. இரண்டு விரல்களின் நகங்களை அதில் ஊன்றிப் பிடித்து, கொஞ்சமும் சுழலாமல் விடுவார். சுழலாத பந்து காற்றில் தள்ளாடும். எந்தப் பக்கம் விழும் என்பது அவருக்கே தெரியாது. சில நாள் எதிரணி சுருண்டது. பல நாள் பந்து விக்கெட் கீப்பரையும் தாண்டி எல்லைக்கு ஓடியது. பதினோரு கிளப்புகள் அவரைச் சேர்த்தன, பத்து அனுப்பிவிட்டன.

"அடிக்கிறவனுக்கும் தெரியல, புடிக்கிறவனுக்கும் தெரியல, போடுற உனக்கே தெரியல. உன்னை வச்சு எங்கேய்யா நான் ஆளை நிறுத்துறது?" என்றார் ஒரு கேப்டன், அனுப்பும்போது. இவர் சிரித்துக்கொண்டார். மறுநாளும் அதே கிளப்பின் பாயை இவரே விரித்தார்.

பதினோராவது கிளப்பின் கடைசி ஆட்டம். தோற்றால் அணியையே கலைத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். நாற்பத்து மூன்று வயதுக்காரரை இனி யாரும் சேர்க்கப்போவதில்லை. கடைசி ஓவர் அவர் கையில். எதிரணிக்கு நான்கு ரன்கள் தேவை. ஒரு விக்கெட் மிச்சம். முதல் இரண்டு பந்துகளும் மட்டையை ஏமாற்றின. ஆடிக்கொண்டிருந்த எதிரணிக் கேப்டன் சோமசேகர் மட்டையைத் தரையில் அடித்தார்.

"சார், பந்துல திருநீறு தடவுறான்! அதான் இந்த ஆட்டம் ஆடுது. சாமி பேரைச் சொல்லி ஏமாத்து வேலை!"

நடுவர் ரசாக் வந்து பார்த்தார். நெற்றி வியர்வையைத் துடைத்த விரல்களில் வெண்மை இருந்தது உண்மைதான்.

"கையைக் கழுவு தாயு. நெத்தியையும் துடைச்சிரு. அதுக்கப்புறம் பந்து ஆடலைன்னா, நான் கிரிக்கெட் சங்கத்துக்குப் புகார் எழுதித்தான் ஆகணும்."

"முடியாதுன்னு சொல்லுங்கண்ணே," என்று பதறினார் கீப்பர் இளவழகன்.

"துடைச்சாப் போறது சாம்பல்தானே தம்பி," என்று சொல்லித் தண்ணீரை வாங்கிக் கழுவினார் தாயுமானவன். வெறும் நெற்றியோடு அவர் பந்து வீசியது அன்று மட்டுந்தான்.

நகங்கள் ஈரத்தில் ஊறியிருந்தன. மூன்றாம் பந்து வழுக்கி நேராகப் போனது. சோமசேகர் ஓங்கி அடித்து இரண்டு ரன்கள் ஓடினார்.

"பாத்தீங்களா சார்? சாயம் வெளுத்துருச்சு!"

ரசாக் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார்.

தாயுமானவன் கையைத் துடைக்கவில்லை. கண்ணை மூடித் திறந்தார். ஓடி வந்து பந்தை விட்டார். பந்து சுழலவே இல்லை. அதன் தையல் அசையாமல் நின்றது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. வலப்பக்கம் சாய்ந்தது, இடப்பக்கம் வந்தது, மட்டை காற்றை வெட்ட, சட்டென்று தாழ்ந்து நடுக்குச்சியைச் சாய்த்தது.

சோமசேகர் அவருடைய காலைத் தொட வந்தார். இவர் முந்திக்கொண்டு, அவர் கையிலிருந்த மட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ரசாக் அந்த ஈரக் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முப்பது வருஷமா நிக்கிறேன். இது நீ போட்ட பந்து இல்லப்பா."

"நான் விட்டேங்க. அவ்வளவுதான்."

அவரோடு ஆடிய எங்களைப் பிரிந்து அவர் மறைந்து இரண்டு ஆடி மாதங்கள் கடந்துவிட்டன. தன்னால் ஆகாததை ஒரு நாளும் தன்னுடையது என்று சொல்லாத அந்த விரல்களை வணங்குகிறோம்.